போனில் அட்ரஸ் போட்டு வைப்பது: பத்திரிகை அச்சடிக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகையோடு, உறை மேல் ஒட்டும் அட்ரஸ் லேபிளும் அடித்துக் கொடுப்பது வேலை. முன்பு நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவருவார்கள். அதில் அப்பாரு (தாத்தா) காலத்து எழுத்தில் ஊர், போஸ்ட், வழி எல்லாம் சுத்தமாக இருக்கும். இப்போது போனை நீட்டுகிறார்கள்: "எல்லாம் கான்டாக்ட்லயே இருக்குதுங்க, எடுத்துக்கோங்க." எடுத்துப் பார்த்தால் அட்ரஸ் என்ற இடத்தில் "பெரிய மாமா, கோயில் தாண்டி" என்று இருக்கும். திரும்பத் திரும்பச் சொல்கிற பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

ஏனுங்க, முழு அட்ரஸையும் ஒரே கட்டத்துல அடிச்சா என்ன தப்பு?

போனில் பார்க்க ஒரு தப்பும் தெரியாது. நாம் அடித்தபடியே வரிவரியாகக் காட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் சங்கதி.

ஆண்ட்ராய்டு ஒரு முகவரியை ஏழு துண்டாக வைத்துக்கொள்கிறது: தெரு, தபால் பெட்டி எண், சுற்றுப்புறம், ஊர், மாநிலம், பின்கோடு, நாடு. இவற்றைக் கோத்து எழுதிய முழு முகவரி தனியாக எட்டாவது. ஏதாவது ஒரு ஆப் முழு முகவரியை மட்டும் கொடுத்தால், போன் அதைப் பிரித்துப் பார்க்க மெனக்கெடுவதில்லை. அத்தனையையும் தூக்கித் தெருக் கட்டத்தில் போட்டுவிடும். அப்புறம் நான் பின்கோடு வாரியாக லேபிளை அடுக்கப் பார்த்தால் பட்டியலில் பின்கோட்டுக்கான பத்தி வெறுமையாகக் கிடக்கும்.

அடுக்குவது எதற்கு என்றால், நம் பக்கத்தில் பாதிப் பத்திரிகை தபாலில் போவதில்லை, காரில் போகிறது. தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்துச் சொந்தத்தை ஒரே நாளில் சுற்றி வர வேண்டும். உடுமலைக்கு இன்னொரு நாள். பின்கோடு தன் கட்டத்தில் இருந்தால் அந்தப் பட்டியல் ஒரு தட்டில் வந்துவிடும். இல்லாவிட்டால் சித்தப்பாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டியதுதான்.

எதை எந்தக் கட்டத்துல போடறதுங்க? எங்களுக்குத் தெருவே கிடையாது, தோட்டத்துல இருக்கறோம்.

அதிகம் குழப்பம் இதில்தான். அந்தக் கட்டங்களை வகுத்தவர்கள் கண்ணெதிரே இருந்தது நம்பர் போட்ட வீடு, பெயர் வைத்த தெரு, பக்கத்தில் ஒரு நகரம். நமக்கோ தோட்டத்துப் பெயர், ஊர், போஸ்ட், வழி, தாலூகா, மாவட்டம் என்று ஆறு படி.

கற்பனையாக ஒரு முகவரி எடுத்துக்கொள்வோம்: 3/12, பள்ளத்துத் தோட்டம், புதுப்பாளையம், கவுந்தப்பாடி போஸ்ட், ஈரோடு மாவட்டம், 638455.

கதவு எண்ணும் தோட்டத்துப் பெயரும் தெருக் கட்டத்துக்கு. தோட்டத்துப் பெயர்தான் உங்கள் தெரு, தயங்கவே வேண்டாம். புதுப்பாளையம் சுற்றுப்புறக் கட்டத்துக்கு. பெரிய ஊர் வழியாகத் தபால் போகிற சின்ன ஊரை எழுதவும் இந்தக் கட்டம்தான் என்று ஆண்ட்ராய்டின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. 'போஸ்ட்', 'வழி' என்று நாம் எழுதுவதும் அதைத்தானே! உங்கள் ஆப்பில் அந்தக் கட்டம் இல்லையென்றால் தெருவின் இரண்டாம் வரியில் எழுதுங்கள். ஊர் என்ற கட்டத்தில் கவுந்தப்பாடி வரும். அதாவது அந்தப் பின்கோட்டுக்குரிய தபாலாபீஸ் ஊர். மாநிலம், பின்கோடு, நாடு தத்தம் கட்டத்தில்.

மாவட்டத்துக்குக் கட்டமே இல்லை. பலரும் ஊர்க் கட்டத்தில் "ஈரோடு மாவட்டம்" என்று போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டவன்தான். என் தங்கை கல்யாணத்துக்கு லேபிள் அடித்தபோது என்னிடம் இருந்த மாதிரித்தாள் தெரு, ஊர், பின்கோடு மூன்றை மட்டும் எடுத்தது. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் மாவட்டம். வீட்டுப் பெயரும் "ஈரோடு மாவட்டம்" என்பதும் மட்டும் அச்சாகி, பின்கோடும் இல்லாமல் போன உறைகள் ஒரு கட்டாகத் திரும்பி வந்தன. ஊருக்கே லேபிள் அடிக்கிறவன் வீட்டுப் பத்திரிகை திரும்பி வந்ததை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார். இப்போது நான் மாவட்டத்தை எழுதுவதே இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாம் வரியின் கடைசியில் "ஈரோடு மா." போதும்.

இன்னொன்று: 'பி.ஓ. பாக்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஊரில் பி.ஓ. என்றால் போஸ்ட் ஆபீஸ், அதனால் "கவுந்தப்பாடி" என்று அதில் அடித்து வைத்திருப்பார்கள். அது தபால் நிலையத்தில் வாடகைக்கு எடுக்கும் பெட்டியின் எண்ணுக்கானது. அப்படி ஒரு பெட்டி எடுத்திராதவர்கள் காலியாக விடுங்கள்.

பின்கோடு இருந்தா மாவட்டம் வேண்டாம்ங்கறீங்க. அவ்வளவு நம்பலாமுங்களா?

நம்பலாம். அது வந்ததே இந்தக் குழப்பத்துக்காகத்தான். ஒரே பெயரில் பல ஊர், பல மொழிகளில் எழுதிய உறை, தப்பும் தவறுமான முகவரி இவற்றைச் சமாளிக்க 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் தகவல் தொடர்புத் துறையில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் கொண்டுவந்தது. கொங்கு நாட்டில் எத்தனை புதுப்பாளையம், எத்தனை செட்டிபாளையம் என்று எண்ணிப் பார்த்தால் அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றும்.

ஆறு இலக்கத்தில் முதல் எண் மண்டலம். தமிழ்நாடும் கேரளமும் 6. முதல் மூன்றும் சேர்ந்தால் தபால் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று, உங்களுக்குப் பட்டுவாடா செய்கிற ஆபீஸ். கவனிக்க வேண்டியது, தபால்காரர்களின் மாவட்டம் வேறு, கலெக்டரின் மாவட்டம் வேறு. திருப்பூர் மாவட்டம் 2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. பின்கோடு அதோடு நகரவில்லை. காங்கேயம் இன்றும் 638701, தாராபுரம் 638656, வெள்ளகோவில் 638111, எல்லாம் ஈரோட்டு வரிசை. அதே மாவட்டத்து உடுமலைப்பேட்டை 642126, அவிநாசி 641654. பவானிக்கு எதிர்க்கரையில் இருக்கும் குமாரபாளையம் நாமக்கல் மாவட்டம், ஆனால் 638183.

ஆகவே "திருப்பூர் மாவட்டம், 638 எப்படி வரும்? தப்பா அடிச்சுட்டீங்க" என்று யாராவது திருத்த வந்தால் விட்டுவிடாதீர்கள். சில இணையப் படிவங்களும் பின்கோட்டை வைத்து மாவட்டத்தைத் தானே நிரப்புகிறேன் என்று பழைய மாவட்டத்தைக் காட்டும். பின்கோட்டை மாற்றாதீர்கள், மாவட்டத்தைத் திருத்துங்கள்.

கோயில், வேப்பமரம், ஸ்டாப்பு இதெல்லாம் எழுத வேண்டாமா? அதில்லாம கொரியர்காரப் பையன் வரமாட்டானே.

எழுதுங்கள். ஆனால் வழி சொல்வது ஒன்று, முகவரி இன்னொன்று. தபால்காரருக்குத் தோட்டத்துப் பெயரும் ஆள் பெயரும் போதும், அவருக்கு உங்கள் அப்பாருவையே தெரியும். கொரியர் பையன் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன். அவனுக்குத்தான் "மாகாளியம்மன் கோயில் எதிர்" வேண்டும்.

அடையாளம் இரண்டு மூன்று சொல்லில் அடங்கினால் தெருவின் இரண்டாம் வரியில் இருக்கட்டும். "ஸ்டாப்பில் இறங்கி, கிழக்கே இட்டேரியில் வந்து, தொட்டிக்கட்டு வீடு தாண்டி இரண்டாவது கேட்" என்பது குறிப்புக் கட்டத்துக்கு. லேபிளில் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) வந்து நின்றால் பின்கோடு ஸ்டிக்கருக்கு வெளியே போய்விடும். நிஜமாகவே போயிருக்கிறது.

கான்டாக்ட் பரிமாறுவதற்கான விகார்ட் முறையில் அடையாளத்துக்கென்று நெடுநாள் இடமே இல்லை. 2024-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9554 (இணையத்துக்கான விதிமுறை ஆவணங்களில் ஒன்று) அடையாளம், மாவட்டம், துணை மாவட்டம், மாடி, கட்டடம் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் கொடுத்திருக்கிறது. தாலூகாவுக்கு ஒருவழியாக ஒரு நாற்காலி! நம் கையில் இருக்கும் ஆப்கள் அதைக் காட்டும்வரை இரண்டாம் வரிதான் கதி.

மேப் இணைப்பை இணையதளக் கட்டத்தில் ஒட்டி வைப்பது நல்ல பழக்கம். இந்தியத் தபால் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்று ஒன்றை வெளியிட்டது. நாட்டையே சுமார் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. தோட்டத்து வீடுகளுக்கு அது கைகொடுக்கும். குறிப்பில் எழுதி வைக்கலாம், ஆனால் பின்கோட்டுக் கட்டத்தில் போடாதீர்கள். அதற்கு இது மாற்று இல்லை.

ஒரே வீட்ல அப்பா, அம்மா, பையன், மருமகள் நாலு பேரு நம்பரும் வச்சிருக்கறேன்...

நாலு பத்திரிகை போய்ச் சேரும். ஒரு வீட்டுக்கு நாலு உறை போனால் "காசு சாஸ்தியாப் போச்சா" என்று கேட்பார்கள், அது பரவாயில்லை. மருமகள் பெயரில் உறை வந்து மாமனார் பெயரில் வராவிட்டால் அது பத்து வருஷப் பேச்சு.

கான்டாக்ட் ஆப்புக்கு ஆள் தெரியும், வீடு தெரியாது. 'குடும்பம்' என்று ஒன்றை அது வைத்துக்கொள்வதில்லை. நான் சொல்வது இது: வீட்டில் மூத்தவர் கார்டில் (போனில் ஒருவருக்கான பதிவைத்தான் கார்டு என்கிறேன்) மட்டும் முழு முகவரி. மற்றவர்கள் கார்டில் முகவரியைக் காலியாக விட்டு, குறிப்பில் "அட்ரஸ்: அப்பா கார்டில்" என்று எழுதுங்கள். வீடு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். நாலு கார்டிலும் போட்டு வைத்தால் ஒன்றில் புதியது, மூன்றில் பழையது என்று நிற்கும். மூத்தவர் தவறிவிட்டால்? கார்டை அழிப்பதற்கு முன் முகவரியை வீட்டம்மா கார்டுக்கு மாற்றுங்கள். இதை மறந்து நம்பரோடு முகவரியையும் அழித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"திரு", "திருமதி", "குடும்பத்தார்" என்பதையெல்லாம் பெயர்க் கட்டத்தில் சேர்க்காதீர்கள். லேபிளில் நான் சேர்த்துக்கொள்கிறேன். பெயரோடு சேர்த்தால் போனில் பாதிச் சனம் 'தி' வரிசைக்குப் போய்விடும்.

டவுன்ல ஒரு வீடு, தோட்டத்துல ஒரு வீடு. எதைப் போடறது?

இரண்டையும். ஒரே கார்டில் எத்தனை முகவரி வேண்டுமானாலும் சேர்க்கலாம். வீடு, அலுவலகம், மற்றவை என்று இருக்கும் வகைகள் பிடிக்காவிட்டால் 'தனிப்பயன்' என்று தேர்ந்து "தோட்டம்" என்றே பெயர் கொடுங்கள். தபால் எதற்குப் போக வேண்டுமோ அதை முதலில் வையுங்கள். நிறைய லேபிள் நிரல்கள் முதல் முகவரியை மட்டுமே எடுக்கும்.

தமிழ்ல அடிக்கறதா இங்கிலீஷ்லயா?

தமிழ்நாட்டுக்குள் தமிழ் தாராளமாகப் போகும். பெங்களூரு, மும்பை உறவுக்கு ஆங்கிலத்தில் போடுங்கள். ஒரு கார்டில் பாதி இது, பாதி அது என்று வேண்டாம்.

தமிழில் அடிப்பவர்களுக்கு எழுத்துக்கூட்டல்தான் பொறி. மேலே சொன்ன ஊரையே பாருங்கள். கவுந்தப்பாடி என்பார் ஒருவர், கௌந்தப்பாடி என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கொம்பும் ககரமும் ளகரமும் சேர்த்து கெளந்தப்பாடி என்று அடித்திருப்பார். கண்ணுக்குப் பின்னிரண்டும் ஒன்றுபோல இருக்கும். கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று ஊர். தேடினால் ஒன்றுதான் வரும், ஊர் வாரியாக அடுக்கினால் மூன்று இடத்தில் சிதறும். கோவை, கோயம்புத்தூர், கோயமுத்தூர் கதையும் இதேதான். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், எல்லாக் கார்டிலும் அதையே எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் அரசாங்கமே தடுமாறியிருக்கிறது. 2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வந்தது, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல் இருந்தால் அப்படியே போனில் ஏற்றாதீர்கள். குப்பையாகத் தெரியும். எல்லாப் போனும் படிக்கிற யூனிகோடு முறைக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

கான்டாக்ட்டை உங்களுக்கு எப்படி அனுப்பறது? போன தடவை எக்செல்ல எல்லாம் மாறிப் போச்சுங்களே.

இரண்டு வழி உண்டு. ஒன்று விகார்ட். அதில் முகவரி ஒரே வரியில், அரைப்புள்ளியால் பிரித்த ஏழு இடமாக வரும்:

;;3/12\, பள்ளத்துத் தோட்டம்;கவுந்தப்பாடி;தமிழ்நாடு;638455;இந்தியா

முதல் இரண்டு இடமும் காலி, அதனால்தான் வரி அரைப்புள்ளியிலேயே தொடங்குகிறது. தபால் பெட்டியும் கூடுதல் முகவரியும் இருக்க வேண்டிய இடங்கள் அவை. ஆப்புக்கு ஆப்பு வேறு மாதிரிப் புரிந்துகொள்வதால், காலியாக விடுவதே நல்லது என்று 2011-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6350 சொல்கிறது. எண்ணுக்குப் பின்னால் காற்புள்ளிக்கு முன் ஒரு சாய்கோடு நிற்கிறதே, "இது வெறும் காற்புள்ளி, பிரிப்பதற்கானது அல்ல" என்று சொல்லவே அது. சில ஆப்கள் அதை நீக்காமல் காட்டும். லேபிளில் சாய்கோடு அச்சாகியிருந்தால் காரணம் இதுதான்.

புதுப்பாளையத்தைக் காணோமே என்பீர்கள். விகார்டின் பழைய ஏழு இடத்தில் சுற்றுப்புறத்துக்கு இடமில்லை. அனுப்புகிற ஆப் அதை வேறு எதனோடாவது ஒட்டும், அல்லது வழியில் உதிர்த்துவிடும். அதனால் எனக்கு அனுப்பப் போகிறவர்கள் சின்ன ஊரைத் தெருவின் இரண்டாம் வரியிலேயே எழுதிவிட்டால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் விகார்டின் பழைய 2.1 வடிவத்தில்தான் ஏற்றுமதி செய்யும். அதில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் சமக்குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக நீண்டு கிடக்கும். திறந்து பார்த்து "கெட்டுப் போச்சு" என்று அழித்துவிடாதீர்கள். அது கெடவில்லை, அப்படியே அனுப்புங்கள்.

இரண்டாவது வழி கூகுள் கான்டாக்ட்ஸிலிருந்து சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பத்தி பிரித்த பட்டியல் ஃபைல்) இறக்குவது. அதை எக்செலில் இரட்டைத் தட்டு தட்டித் திறந்ததுதான் போன தடவை நடந்த கூத்து. தமிழ் கோணல்மாணலாகும், போன் நம்பர் சுருங்கி 9.19 என்று ஏதோ ஆகும். கதவு எண்ணைத் தனிப் பத்தியில் வைத்திருந்தால் 3/12 என்பது டிசம்பர் 3 ஆகவோ மார்ச் 12 ஆகவோ மாறிவிடும். பள்ளத்துத் தோட்டத்துக்கு டிசம்பர் மாதம் கதவு எண்! திறக்காமல் அப்படியே அனுப்புங்கள். திறக்க வேண்டுமென்றால் எக்செலின் 'டேட்டா' பட்டியல் வழியாக உள்ளே இழுத்து, யு.டி.எஃப்-8 என்று தேர்ந்து, எல்லாப் பத்தியையும் 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள்.

எதையும் கூட்டமாகத் திருத்துவதற்கு முன்னால் ஒரு நகல் இறக்கி வையுங்கள். கூகுள் கான்டாக்ட்ஸ் அழித்ததை 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும், அதற்கப்புறம் கிடைக்காது.

அமெரிக்காவில் இருக்கும் பையன் முகவரி?

நாட்டை முதலில் தேர்ந்தெடுங்கள். சில ஆப்களில் அதற்கேற்பக் கட்டங்கள் மாறும். ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், நாட்டின் பெயர் கடைசி வரியில் பெரிய எழுத்தில்.

குறிப்புல எழுதறதெல்லாம் நீங்க பார்ப்பீங்களா?

கார்டை முழுதாக அனுப்பினால் குறிப்பும் சேர்ந்துதான் வரும். "கடன் 40 ஆயிரம், தரமாட்டான்" என்று ஒருவர் குறிப்பில் படித்து, படிக்காத மாதிரி இருந்தேன். முகவரி மட்டும் எனக்குப் போதும். சி.எஸ்.வி. என்றால் குறிப்புப் பத்தியை நீக்கிவிட்டு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் என் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பத்திரிகை திரும்பி வந்துட்டா?

கிழித்துப் போடாதீர்கள். உறை மேல் தபால்காரர் காரணம் எழுதியிருப்பார். 'முகவரி போதாது' என்றால் பெரும்பாலும் சின்ன ஊர் விட்டுப்போயிருக்கும், இரண்டாம் வரியில் சேருங்கள். 'வீடு மாறிவிட்டார்' என்றால் போன் செய்து கேட்டு, பழையதன் மேலேயே புதியதை அடியுங்கள். இரண்டையும் வைத்தால் அடுத்த கல்யாணத்துக்கும் முதலில் நிற்கும் பழையதுதான் அச்சாகும். 'அப்படி யாரும் இல்லை' என்று வந்து, ஆள் அங்கேதான் இருக்கிறார் என்றால் பெயரைப் பாருங்கள். ஊரில் அவரை வேறு பெயரில் கூப்பிடுவார்கள். தபால்காரருக்குத் தெரிந்த பெயரை, த/பெ போட்டு அப்பா பெயரோடு, தெருக் கட்டத்தின் முதல் வரியில் எழுதி வையுங்கள்.